வண்டி ஓட்டியவர்

கழுத்தில் டாக்டர் ஊதா மையால் போட்டுவிட்டுப் போன வட்டம் அரித்துக்கொண்டே இருந்தது. கை வைக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். அவள் சொன்ன பிறகுதான் அரிக்கவே தொடங்கியதோ என்று உலகநாதனுக்குச் சந்தேகம். தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே, வக்கீல்கள் வெள்ளைப் பட்டை கட்டுகிற அதே இடம். குரல்வளையை எடுத்துவிட்டு மூச்சுக்குழாயைக் கொண்டுவந்து அங்கே ஒரு துளையில் வைத்துத் தைத்துவிடுவார்களாம். இனி மூச்சு அந்த வழியாகத்தான். மூக்கு சும்மா முகத்துக்கு அழகாக இருக்கும். பேச்சு? "பேச்சுக்கு வேற வழி இருக்குங்க, சின்ன மெஷின் ஒன்னு இருக்கு, பழகிக்கலாம்" என்றார் டாக்டர். வழக்கில் தோற்றுப்போன கட்சிக்காரனை, அப்பீல் இருக்கிறது, பார்க்கலாம் என்று நாம் எத்தனை தடவை இதே குரலில் சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டார். அவர்களும் இப்படித்தான் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நம்பினார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பச்சை அங்கியின் முடிச்சு முதுகில் உறுத்தியது. முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்து கிடக்கிற அங்கி. எழுந்து நின்றால் மானம் போய்விடும். வக்கீல் அங்கி முன்னால் திறந்தது. மேயர் அங்கி அதைவிடக் கனம், சிவப்பு, அதன் மேல் சங்கிலி வேறு. மாமன்றத்தில் மின்விசிறி ஓடாத நாளில் அதற்குள் வியர்த்து வழியும். வாழ்க்கை முழுக்க யாராவது ஒரு அங்கியைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே, திரை போட்டுத் தடுத்த நீள அறை அது. கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டதால் எதிரே இருந்த கடிகாரம் வெள்ளையாக ஒரு தட்டு, அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் அவர் மனைவி ரத்தினம். அவள் மடியில் துணிப்பை; பைக்குள் அவருடைய கண்ணாடி, பல்செட், வாட்சு. அவருக்கு முன்னால் உள்ளே போனவருக்கு இன்னும் முடியவில்லை. "முன்னால போன கேஸு கொஞ்சம் இழுக்குதுங்க, அதான் லேட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள் சிஸ்டர். இங்கேயும் கேஸ்தான். நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது. நாக்கு காய்ந்த செருப்பு மாதிரி வாய்க்குள் கிடந்தது.

"மோட்டார நிறுத்துனனான்னே ஞாபகமில்லீங்க" என்றாள் ரத்தினம். "டேங்க் நெறஞ்சு வழியுதோ என்னமோ."

வழியாது என்று கையை ஆட்டினார்.

"பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுங்களா?"

தலையை அசைத்தார். பேசலாம். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கரகரவென்று, மணலைப் போட்டு அரைத்தது போல, ஏதோ ஒரு குரல் இன்னும் இருக்கத்தான் செய்தது. ஆனால் விடிந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சம் இருப்பதை மோட்டாருக்கும் டேங்குக்கும் செலவழிக்க மனம் வரவில்லை. கடைசியாக என்ன பேசுவது என்பதுதான் இரண்டு மூன்று நாளாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதை யோசிக்க ஆரம்பித்தால் மனசு சொல்பேச்சுக் கேட்காமல் எங்கெங்கோ ஓடியது. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போய்விட்டால்? தூங்கும்போது போர்வை மூடிக்கொண்டால் கத்தவும் முடியாதே. ரத்தினம் சமையல்கட்டில் வழுக்கி விழுந்தால் பக்கத்து வீட்டை எப்படிக் கூப்பிடுவது? கையைத் தட்டலாம். கை தட்டி ஆளைக் கூப்பிடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. மேயராக இருந்தபோது கமிஷனர் ஒருவர் ப்யூனைக் கை தட்டிக் கூப்பிடுவார், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் இவர் அவரைக் கண்டித்தார். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அங்கே வந்ததும் நினைப்பு முள்ளில் வேட்டி மாட்டினது போல நின்றது. உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டு வேறெதையாவது நினைக்கப் பார்த்தார்.

நேற்று சாயங்காலம் ஜூனியர் நல்லமுத்து வந்திருந்தான். ஜூனியர் என்று பேர்தானே ஒழிய அவனுக்கே தலை நரைத்துவிட்டது. போனை எடுத்து அவர் முன்னால் நீட்டி, "சார், ஏதாச்சும் பேசுங்க சார், பதிவு பண்ணி வெச்சுக்கலாம்" என்றான். அவருக்கு ஒன்றுமே வரவில்லை. முனிசிபல் மைதானத்தில் மைக் கெட்டுப்போன ராத்திரி கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பேசியவர். சாட்சிக் கூண்டில் நிற்கிறவனைக் குரலைத் தாழ்த்தியே வேர்க்க வைத்தவர். எவ்வளவோ யோசித்து, கடைசியில் "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் எந்த வழக்கு என்று தெரியவில்லை. நல்லமுத்து போனை நீட்டியபடியே நின்றான். போதும் என்று சைகை காட்டினார். அந்தப் பதிவில் இப்போது மூன்று சொல்லும், பிறகு ஒரு லாரி ஹாரனும், பிறகு நல்லமுத்து மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் இருக்கும்.

ரத்தினத்திடம்தான் சொல்ல வேண்டும். அதில் சந்தேகமில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல். ரத்தினம், அன்னைக்கு மன்றத்துல நான் சொன்னது... இல்லை, 'அன்னைக்கு' என்றால் எந்த அன்னைக்கு என்று கேட்பாளா? கேட்க மாட்டாள். அவளுக்கும் அவருக்கும் அன்னைக்கு என்று ஒரே ஒரு நாள்தான் உண்டு. ரத்தினம், நான் சூழ்நிலை காரணமாக... சீ, இது மனு எழுதுகிற மாதிரி. ரத்தினம், நீ என்னைக்காவது நினைச்சிருப்பே... அது அவள் வாயைக் கிண்டுகிற குறுக்கு விசாரணை. எத்தனை பேர் வழக்கை எத்தனை விதமாகத் தொடங்கியிருக்கிறோம், நம் வழக்குக்கு முதல் வரி அமையவில்லையே என்று இருந்தது. தொண்டைக்குள் அந்தக் கட்டி ஒரு புளியங்கொட்டை போல ஏறி இறங்கியது. விழுங்கும்போதெல்லாம் காதுவரை வலித்தது.

முதல் வழக்கெல்லாம் இப்படி இல்லை. அப்போது வாயைத் திறந்தால் போதும். மில்லில் தறிக்குப் பாவு நூல் ஓட்டிய ஆளின் மகன், இரவல் கோட்டு, யாரும் தெரியாது. பால்காரர் சென்னியப்பன் வந்ததுதான் திருப்பம். மாநகராட்சி குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் விடிகாலை இருட்டில் சைக்கிளோடு விழுந்து இடுப்பெலும்பு போய், கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூட முடியாத மனுஷன். பெரிய வக்கீல்கள் யாரும் எடுக்கவில்லை. குழிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தோம் என்று மாநகராட்சி சொல்லிவிட்டது, அத்தோடு முடிந்தது என்றார்கள். உலகநாதன் என்ஜினீயரைக் கூண்டில் ஏற்றினார். பலகை என்ன நிறங்க? சிவப்பு. அதுல என்ன எழுதியிருந்தது? ஜாக்கிரதை, வேலை நடக்கிறது. நீங்களே உங்க கண்ணால படிச்சுப் பார்த்தீங்களா? பார்த்தேன். என்னைக்குங்க பார்த்தீங்க? என்ஜினீயர் கொஞ்சம் முழித்துவிட்டு, விழுந்ததுக்கு மறுநாள் என்றார். கோர்ட்டே சிரித்துவிட்டது. ஜட்ஜ்கூடப் பேனாவை வாயருகே கொண்டுபோய் மறைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் குழி வக்கீல். ஊரில் யார் எங்கே விழுந்தாலும் அவரிடம் வந்தார்கள். மூடாத கிணறு, இடிந்த பாலம், மின்சாரக் கம்பம். ரத்தினம் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது வாசலில் கட்டுப் போட்ட கால்களும் கைகளுமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். "இது வக்கீல் வீடா, எலும்பு வைத்தியர் வீடா?" என்று கேட்டாள். அவள் கேலியெல்லாம் அப்போது. சிரித்தால் தோள் குலுங்கும்.

அரசியல் கட்சிக்காரர்கள் வந்து தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டபோதும் குழிதான் காரணம். ஜனங்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். அவருக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். விழுந்தவனுக்காக வாதாடுவதை விடக் குழியை மூடுகிற இடத்தில் போய் உட்காரலாமே என்று வீட்டில் சொன்னார். ஜெயித்தார். வணக்கத்துக்குரிய மேயர் என்று மைக்கில் சொன்னபோது ரத்தினம் புதுப்புடவையில் முன்வரிசையில் இருந்தாள். அவள் பக்கத்தில் மகன், கல்லூரிப் பையனாக, ஒல்லியாக, அப்பாவின் சிவப்பு அங்கியைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும், "நாடகத்துல ராஜா வர்ற மாதிரியே இருந்துச்சுப்பா" என்றான். அந்த வாரம் முழுக்க அவரை மகாராஜா என்றுதான் கூப்பிட்டான். மகாராஜா காபி குடிச்சாச்சா. மகாராஜா வண்டிச் சாவி எங்கே. அவர் கோபித்துக்கொள்வது போல நடிப்பார். அவன் பேர் சொல்லி ஒரு அதட்டல். அவன் பேர் சொல்லி. பேர் மட்டும் வராது. முகம் வரும், கைக்குட்டை வரும், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு வரும்போது சட்டைப்பையில் சாக்பீஸ் தூளோடு நிற்பது வரும். பேர் நாக்கின் அடியில் எங்கோ, இந்தக் கட்டி இருக்கிற இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

திரைக்கு அப்பால் யாரோ இருமினார்கள். ஸ்பிரிட் வாசனை குப்பென்று வந்தது. ரத்தினம் அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டாள். "குளுருதுங்களா?" இல்லை. "பாதம் சில்லுன்னு இருக்குதே." அவள் உள்ளங்கை காலில் பட்டதும் கண் நிறைந்தது, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாதாளச் சாக்கடை அவர் கொண்டுவந்ததுதான். எத்தனை மேயர்கள் பேசிப் பேசியே விட்ட திட்டம். தெருவோரம் ஓடுகிற கறுப்புத் தண்ணீரில் குழந்தைகள் கால் வைக்கக் கூடாது, மனுஷன் சாக்கடைக்குள் இறங்கக் கூடாது என்று சென்னைக்கும் டில்லிக்கும் அலைந்து கடன் வாங்கி வந்தார். ஊர் முழுக்க வெட்டினார்கள். குழி வக்கீல் ஊரையே குழியாக்கிட்டார் என்று சுவரில் எழுதினார்கள், அவரும் சிரித்தார். மழைக்காலம் வந்தது. முதலில் வண்டியோடு குழியில் விழுந்து போனது ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன், பிள்ளையார் கோயில் வீதியில். நேரில் போனார். அந்த அம்மா அழவில்லை, உட்காரச் சொன்னாள், காபி வேண்டுமா என்று கேட்டாள். அவர்கள் வழக்குப் போட்டபோது மாநகராட்சியின் பதில் அவர் பார்வைக்கு வந்தது. தடுப்பு வைக்கப்பட்டிருந்தது, வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம். அதைப் படித்தபோது அவருக்குச் சென்னியப்பன் ஞாபகம் வந்தது. வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கேட்டு வரிசையாக வந்து நிற்பார்கள், கடன் கொடுத்தவர்கள் வேலையை நிறுத்துவார்கள், ஊர் பாதி வெட்டிய வயிறோடு அப்படியே கிடக்கும். எழுதியிருக்கிறார்களே, வைத்துத்தான் இருப்பார்கள். சரி என்று அனுப்பிவிட்டார்.

அடுத்தது மில் ரோட்டில். அடைமழை பெய்த சாயங்காலம். ரோடும் குழியும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீராக நின்றன. பாலிடெக்னிக்கிலிருந்து மகன் மோட்டார் பைக்கில் வந்தான். தலையில் ஹெல்மெட் இருந்தது. தண்ணீருக்குள் ஹெல்மெட் என்ன செய்யும்? வண்டி மேலே, அவன் கீழே. மழையில் யாரும் பார்க்கவில்லை. இந்த அறையில் விசிறியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் தேவலை. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. சேறு வாய்க்குள் போகிற மாதிரி. டாக்டர் மயக்க மருந்து கொடுத்த பிறகுதானே எல்லாம், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது என்றாரே. அவனுக்கு எவ்வளவு நேரம் தெரிந்திருக்கும்? இந்தக் கேள்வி வராத நாளில்லை. கூப்பிட்டிருப்பானா? யாரைக் கூப்பிட்டிருப்பான்? தண்ணீருக்குள் குரல் எழும்பாது. இப்போது தனக்கும் எழும்பாமல் போகப் போகிறது என்பதில் ஒரு கணக்கு இருப்பது போல ராத்திரிகளில் தோன்றும். காலையில் அது வெறும் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

அதற்குப் பிறகு கூடிய முதல் மாமன்றம். வர வேண்டாம் என்றார்கள். துணை மேயர் நடத்திக்கொள்வார் என்றார்கள். அவர் போனார். அங்கியைப் போட்டுக்கொண்டார், சங்கிலியை மாட்டிக்கொண்டார். எதிர்க்கட்சியில் சகாயமேரி என்று ஒரு கவுன்சிலர், நல்ல மனுஷி. எழுந்து நின்று முதலில் இரங்கல் சொன்னாள், அவள் குரலே கம்மியது. பிறகு, "கேக்கறதுக்கு மனசு வரலைங்க மேயர். ஆனாலும் என் வார்டு ஜனங்களுக்காகக் கேக்கணும். மில் ரோட்டுல அந்தக் குழிக்குத் தடுப்பு இருந்ததுங்களா, இல்லைங்களா?" என்றாள். என்ஜினீயர் பதிலைப் படிக்க எழுந்தார். அவரைப் படிக்க விட்டிருக்கலாம். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உலகநாதனே எழுந்தார். பிள்ளையார் கோயில் வீதி அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவள் பிள்ளைக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைக்கு வேறொன்று சொல்ல முடியுமா? மேயர் வீட்டுச் சாவு என்றதும் தடுப்பு இல்லாமல் போயிற்றா என்று அவள் கேட்டால்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். குரல் கணீரென்று வந்தது, அதுதான் கொடுமை. "தடுப்பு இருந்தது. வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." சகாயமேரி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த பொருள், தெருவிளக்கு.

மன்றக் கூட்டத்தை அந்தக் காலத்தில் உள்ளூர் கேபிளில் காட்டுவார்கள். வீட்டுக்குப் போனபோது டிவி அணைந்திருந்தது. ரத்தினம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்பிட வர்றீங்களா?" என்றாள். தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மோர் வேண்டுமா என்று கேட்டாள். கத்தியிருந்தால், தட்டை எறிந்திருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவர் தரையில் விழுந்து அழுதிருப்பார். அவள் எல்லாமும் பேசினாள். பால் விலை, கல்யாணப் பத்திரிகை, மாடிக் கசிவு. அதை மட்டும் பேசவில்லை. அவளுக்குத் தோள் குலுங்கும் சிரிப்பு போயிற்று. அவருக்குச் சிகரெட் திரும்பி வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் முதல் நாள் டாக்டர் கேட்டார், சிகரெட் உண்டா என்று. நடுவில் ரொம்ப வருஷம் விட்டிருந்தேன் என்றார். மறுபடி எப்போது ஆரம்பித்தீர்கள் என்றதற்கு அவர் யோசிப்பதற்குள் ரத்தினமே வருஷத்தைச் சொன்னாள். வருஷத்தை மட்டும் சொன்னாள்.

திட்டம் முடிந்தது. இன்றைக்கும் அந்த ஊரில் தெருவோரம் சாக்கடை நாறாது, கொசு குறைவு, பழைய ஆட்கள் அவர் பேரைச் சொல்வார்கள். கட்சி அடுத்த முறை வேறு ஆளுக்குக் கொடுத்தது. கறுப்பு அங்கியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நல்லமுத்து சந்தோஷப்பட்டான், குழி வக்கீல் திரும்ப வந்துட்டார் என்று. வந்ததும் வந்தது ஒரு பெண், புருஷன் மழைநீர்க் கால்வாயில் விழுந்து போனவள். எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாநகராட்சி வக்கீல், சின்னப் பையன், மரியாதைக்காரன்தான், எழுந்து மன்ற நடவடிக்கைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் படித்தான். இதே போன்ற ஒரு விபத்தில் என் மதிப்புக்குரிய நண்பரே மேயராக இருந்தபோது சொன்ன பதில் என்று சொல்லி, 'வண்டி ஓட்டியவரின்' என்று படித்தான். அவன் யாரைப் பற்றிப் படிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. உலகநாதன் பதில் சொல்ல எழுந்தார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார், கரகரவென்று ஏதோ வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்று வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தத் தொண்டைக்கட்டு பிறகு முழுசாகத் தெளியவே இல்லை. நோய் அன்றைக்கு வந்தது என்று அவர் நினைப்பு. டாக்டர் சிகரெட் என்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உள்ளே கதவு திறந்து மூடியது. சக்கரம் உருளும் சத்தம். வெள்ளைத் துணி போர்த்திய ஒருவரை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிஸ்டர் வந்து கட்டிலின் காலண்டையில் நின்றாள். "ஐயா, அடுத்தது நீங்கதான். தியேட்டரைக் கழுவிட்டுக் கூப்புடுவாங்க. அம்மா, நீங்க இங்கயே இருக்கலாம், கூப்புடறப்ப போனாப் போதும்." அவள் போய்விட்டாள். இன்னும் கொஞ்ச நேரம், பக்கெட்டில் தண்ணீர் ஊற்றித் தரையைத் துடைக்கிற நேரம். முதல் வரி வேண்டியதில்லை, எங்காவது பிடித்துக்கொண்டால் போதும்.

"ரத்தினம்" என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க? தண்ணி மட்டும் கேக்காதீங்க."

"தண்ணி இல்ல. அந்தத் தடுப்பு..."

அவ்வளவுதான் வந்தது. ரத்தினம் மடியிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். கண்ணாடி இல்லாததால் அவருக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதனால் அவளால் பேச முடிந்ததோ என்னவோ.

"தடுப்பு இல்லீங்க" என்றாள். "நான் போய்ப் பார்த்தனே."

அவர் தலையைத் தூக்கினார்.

"படுங்க, படுங்க. அவன் விழுந்த மறுநா காலைல பெரியாஸ்பத்திரில அறுத்துக் குடுக்க லேட்டாகும், நீ வீட்டுக்குப் போன்னு எங்கண்ணன் ஆட்டோல ஏத்தி விட்டாருல்ல. நான் மில் ரோட்டுக்குப் போகச் சொன்னேன். தண்ணி அப்படியேதான் நின்னுட்டு இருந்துச்சு. வெறும் தண்ணிங்க, ரோடு மாதிரியே. அதைப் பார்த்துட்டு நிக்கறப்ப லாரில ஆளுக வந்தாங்க. தகரம், கம்பு, செவப்பு ரிப்பனு எல்லாம் எறக்குனாங்க. ஒரு பையன் என்னையப் பார்த்து, அம்மா தள்ளி நில்லுங்க, அங்க குழி இருக்குதுன்னான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. நல்ல பையன்தான். நானும் தள்ளி நின்னேன்."

பக்கத்தில் எங்கோ ஒரு மெஷின் பீப் பீப் என்று சத்தம் போட்டது. அவள் இதை இத்தனை வருஷமும் வைத்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறாள். குழம்பு ஊற்றியிருக்கிறாள். மோர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரியாதுங்களா?" என்றாள்.

தெரியாது என்று சொல்லலாம். எந்தக் கோர்ட்டிலும் அது நிற்கும். யாரும் அவரிடம் வந்து தடுப்பு இல்லை என்று சொன்னதில்லை. அவர் யாரையும் லாரி அனுப்பச் சொன்னதில்லை. விழுந்ததற்கு மறுநாள் பலகை எப்படி வந்து நிற்கும் என்பதை இந்த ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"தெரியும்" என்றார்.

ரத்தினம் தலையாட்டினாள். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது கெடக்குதுங்க. இருந்துச்சுன்னு சொன்னா என்ன, இல்லைன்னு சொன்னா என்ன, போனவன் போயிட்டான். அந்தத் தறிக்காரம்மாவுக்காகத்தான் அப்படிச் சொன்னீங்கன்னுகூட எனக்குப் புரிஞ்சுது. எனக்கு ஆறாதது ஒன்னே ஒன்னுதான். டிவி முன்னால உக்காந்து, இப்ப அவம்பேரு வரும், இப்ப வரும்னு பார்த்துட்டே இருந்தேன். வண்டி ஓட்டியவர்ன்னீங்க. யாரோ வழில போனவன் மாதிரி. அதோட சரி, அவம்பேரே உங்க வாய்ல வரலை. வருஷா வருஷம் திதிக்கு ஐயர் பேரு கேக்கறப்பவும் நீங்க தலையக் குனிஞ்சுக்கறீங்க, நாந்தான் சொல்றேன்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "பெத்தவங்க வெச்ச பேருங்க. நீங்க வெச்சது. நான் வேற பேரு சொன்னேன், நீங்கதான் கேக்கலை."

"வரலை, ரத்தினம். வரமாட்டேங்குது."

"இனி வேணும்னாலும் வராது." கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்தாள். அருகில் வந்ததும் முகம் தெளிவாகத் தெரிந்தது, கன்னத்து மச்சம், ஈரமான இமை. "ஒருக்கா கூப்புடுங்க. எனக்குக் கேக்கணும். மாடில படிச்சுட்டு இருந்தான்னா எப்படிக் கூப்புடுவீங்களோ, அப்படி."

அவர் மூச்சை இழுத்தார். காற்றுதான் வந்தது. பல்செட் இல்லாத வாயில் நாக்கு எங்கே போய்த் தொட வேண்டும் என்று தெரியாமல் தடுமாறியது. மறுபடி இழுத்தார். கட்டிக்குக் கீழே, வலிக்கும் கீழே, ஏதோ ஒன்று அசைந்தது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அங்கி முதுகில் விரிந்துகொண்டது, போனால் போகட்டும்.

"ஆரூரா!"

மணலும் ரத்தமுமாக, பிளந்த மூங்கிலில் ஊதினது போல வந்தது. பேச்சுமேடைக் குரலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சத்தம். திரைக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தொண்டை தீயாக எரிந்தது. அவர் இன்னொரு தடவை மூச்சை இழுத்தார், அவள் கேட்டதற்காக இல்லை, அவருக்கே வேண்டியிருந்தது.

"ஆரூரா! டேய், ஆரூரா!"

ரத்தினம் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். பேர் முடிந்த பிறகும் அப்படியே நின்றாள்.

சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே வார்டு ஆட்கள் இரண்டு பேர். "என்னாச்சுங்கய்யா, ஏன் எந்திரிச்சீங்க? யாரைம்மா கூப்புடறாரு?"

"எங்க பையன" என்றாள் ரத்தினம்.

"வெளிய இருக்காருங்களா? உள்ள வரச் சொல்லட்டுங்களா? ஒரு நிமிஷம் பார்க்கலாம், ஒன்னும் ஆகாது."

ரத்தினம் உலகநாதனின் முதுகில் விரிந்துகிடந்த அங்கியை இழுத்து மூடி, முடிச்சைத் திரும்பப் போட்டாள். மெல்ல அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தாள்.

"வேண்டாங் கண்ணு" என்றாள். "அவனுக்குக் கேட்டிருக்கும்."

ஆட்கள் சக்கரத்தின் பூட்டை எடுத்துவிட்டார்கள். கதவு வரைக்கும் அவள் கூடவே நடந்து வந்தாள். உலகநாதன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.